தீபாவளிக்கு முந்தின நாள், ரெண்டாம் ஷிப்ட்

மேடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் டைமிங் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும், சிரிப்பு வராவிட்டால் என்ன செய்வது. நூறு மேடை ஏறினால் அதெல்லாம் தானாக வந்துவிடும். வராதவர்களுக்கு நான் சொல்லியும் வரப்போவதில்லை. நீங்கள் யாரும் இதுவரை கேட்காத ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாம் மேடையில் சொல்லும் கதைகளில் பாதி, யாரோ ஒருவர் நம்மை நம்பிச் சொன்னவை. கைதட்டல் வாங்கிக்கொண்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவருக்கு அப்புறம் என்ன ஆகிறது?

ஒரு மைக்கும் நானுமாக முப்பது வருஷத்துக்கு மேல் பிழைத்தாயிற்று. கேசட் வந்தது, டி.வி. வந்தது, போகாத நாடு சிலதான் பாக்கி. இதற்கெல்லாம் முன்னால் நான் நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். பேட்டி எடுக்க வருகிறவர்கள் அதைக் ‘கஷ்டப்பட்ட காலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், கொல்லையில் முருங்கை, கொறிப்பதற்குப் பண்ருட்டி முந்திரி. உடைந்த பருப்பு மலிவாகக் கிடைக்கும். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் வேலை. பம்ப் நன்றாக ஓடினால் ஆபரேட்டருக்குப் பேச்சுத்தான் தொழில். நான் பேசிப் பழகியது அங்கேதான்.

எழுபதுகளின் பின்பாதி அது. ஸ்டாண்ட்-அப் என்ற சொல்லை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. பொங்கல் விழா நோட்டீசில் பட்டிமன்றத்துக்கும் இன்னிசைக்கும் நடுவில் ‘சிரிப்பு நிகழ்ச்சி’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி நான்.

டவுன்ஷிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தவறு உங்களுக்குப் புரியாது. அங்கே எல்லோரும் வேறு ஊர்க்காரர்கள். நான் விருதுநகர்ப் பக்கம், அடுத்த வீடு கோயம்புத்தூர், எதிர் வீடு தஞ்சாவூர். சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்பதில்கூட ஒற்றுமை கிடையாது. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஷிப்ட் ஒன்றுதான். காலை ஆறு முதல் ரெண்டு வரை முதல் ஷிப்ட், ரெண்டு முதல் பத்து வரை ரெண்டாம் ஷிப்ட், அப்புறம் நைட். வாரத்துக்கு வாரம் மாறும். கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது முகூர்த்தம் ஒத்துவந்த பிறகு ஷிப்ட் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். இன்ன தேதியில் இன்னார் எந்த ஷிப்ட் என்று பின்னோக்கிக் கணக்குப் போட ஆறாவது படிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் நான் கதை சொன்னேன்.

கதையை எனக்குக் கொடுத்தவர் ஏழுமலை. முத்தாண்டிக்குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி. பம்ப் ஹவுஸுக்குள் இருக்கும் பெரிய தொட்டியில் சேறு சேர்ந்துவிட்டால் இறங்கி அள்ளுவார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நாலு பேர் இருந்தால் என்னை ‘சார்’ என்பார், தனியாக இருந்தால் ‘இன்னாப்பா’. ஆறு வருஷமாக அந்தச் சேற்றில் நின்றவர். பர்மனென்ட் ஆவதற்கான பெயர்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ‘இவருக்கு இந்த வேலை தெரியும்’ என்று செக்‌ஷன் அதிகாரி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பட்டியலில் பெயர் ஏறும். ஏழுமலை எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்தக் கடிதத்தில் வந்துதான் முடிப்பார். பர்மனென்ட் ஆகிவிடுவேன் என்று பெண் கொடுத்த மாமனாருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் செக்‌ஷன் அதிகாரி ஒரு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். அமைதியான மனிதர். சட்டைப் பையில் ரெண்டு பேனா வைத்திருப்பார். அதட்டத் தெரியாது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், ரெண்டாம் ஷிப்டில், பெருமழைக்கு ஒதுங்கி எங்கள் பம்ப் ஹவுஸுக்குள் வந்திருக்கிறார். அந்த ஷிப்ட் ஆபரேட்டர் பக்கத்துப் பம்பைப் பார்க்கப் போயிருந்தார். உள்ளே யாரும் இல்லை என்று ஏ.இ. நினைத்துக்கொண்டார். ஏழுமலை தொட்டிக்குள் இடுப்பளவுச் சேற்றில் தலையில் கூடையோடு நிற்கிறார்.

மறுவாரம் ஏழுமலை என்னிடம் சொன்னது இது:

“ஸ்டூலு ரெண்ட எடுத்து எதிரும் புதிருமா போட்டாருப்பா. இந்தாண்ட உக்காந்து ‘குட் மார்னிங் சார்’ன்றாரு. எழுந்து அந்தாண்ட போயி உக்காந்துகினு ‘ப்ளீஸ் சிட் டவுன்’றாரு. மறுபடி இந்தாண்ட ஓடியாந்து ‘தேங்க் யூ சார்’ன்றாரு. பிரமோசனு இன்டர்வியூக்குப் பழகிகினு இருக்காரு! கேள்வியும் அவரே, பதிலும் அவரே. கடேசியா அவரே ஒரு கேள்வி கேட்டாரு. அவருக்கே பதில் தெரியல. அந்தாண்ட போயி மூஞ்சிய இப்பிடி வெச்சிகினு ‘நீங்க போகலாம்’னாரு. இந்தாண்ட வந்து ‘தேங்க் யூ சார்’னு சொல்லிட்டு மழையிலயே எறங்கிப் போயிட்டாரு. நானு சிரிக்கவும் முடியாம இருமவும் முடியாம கூடையோட நின்னுகினு இருந்தன்.”

பிறகு, “வெளியில சொல்லிடாதப்பா” என்றார்.

சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். பொங்கலுக்கு மேடையேறினேன்.

ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாகவே நினைத்தேன். ஏ.இ.யைக் கிளார்க் ஆக்கினேன், பம்ப் ஹவுஸைக் கேன்டீன் ஸ்டோர் ரூம் ஆக்கினேன், தொட்டியில் நின்ற ஆளை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். ரெண்டு நாற்காலிக்கு நடுவில் மாறி மாறி ஓடி ஓடி நடித்தேன். முதல் ‘தேங்க் யூ சாரு’க்கே கூட்டம் சாய்ந்துவிட்டது. அவ்வளவு சிரிப்பை அதுவரை நான் வாங்கியதில்லை.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு வரி சொல்லியிருந்தேன். கதையில் உயிர் வேண்டும் என்பதற்காகச் சேர்த்த வரி. “தீபாவளிக்கு முந்தின நாள்ங்க. ரெண்டாம் ஷிப்ட். வெளியில செம மழை.”

பெயரை மாற்றினேன், உத்தியோகத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். ஷிப்டை மாற்றவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் ரெண்டாம் ஷிப்டில் மாட்டிய புருஷனை நெய்வேலியில் எந்த மனைவியும் அடுத்த தீபாவளி வரை மறக்கமாட்டாள். முறுக்கு சுட ஆள் இல்லை, பிள்ளைக்குப் பட்டாசு வாங்க ஆள் இல்லை, எண்ணெய் காய்ச்ச ஆள் இல்லை. அன்றைக்கு யார் யார் டியூட்டி என்பது எல்லா வீட்டுக்கும் மனப்பாடம். கூட்டம் சிரித்துக்கொண்டே கணக்கும் போட்டது. கேன்டீன் ஸ்டோர் ரூமுக்கு ரெண்டாம் ஷிப்டே கிடையாது. சொல்கிறவனோ பம்ப் ஆபரேட்டர். அப்படியானால் பம்ப் செக்‌ஷன். பம்ப் செக்‌ஷன் என்றால் அன்று யார்? பிரமோஷன் இன்டர்வியூ யாருக்கு இருந்தது?

மூன்றாவது வரிசையில் ஏ.இ.யும் அவர் மனைவியும் இருந்தார்கள். மேடையில் நின்றால் எல்லா முகமும் தெரியும். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். அந்த அம்மா கேட்டது எனக்குக் கேட்கவில்லை, பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது: “அன்னிக்கு நீங்கதானே டியூட்டி?” அங்கிருந்து சிரிப்பு வேறு பக்கமாகப் பரவ ஆரம்பித்தது. ஏ.இ. எழுந்து போகவில்லை. கடைசி வரை உட்கார்ந்து கைதட்டினார்.

ஏழுமலை கூட்டத்தில் இல்லை. அந்த வாரமும் அவருக்கு ரெண்டாம் ஷிப்ட். மறுநாள் காலை என் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

“உள்ள வாங்க ஏழுமலை.”

“வர்ல. நேத்து நல்லா சிரிப்பாமே? ஊரே சொல்லிகினு இருக்குது.”

நான் வாசற்படி இறங்கினேன்.

“அவரு அந்த இன்டர்வியூல தேறலப்பா. போன வாரந்தான் தெரிஞ்சுதாம். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவும் இல்லை.

“அன்னிக்கு அந்தத் தொட்டில எறங்கினவன் நானு ஒருத்தந்தான். அவருக்கு அது தெரியாம இருக்குமா? லெட்டரு அவருதானே எழுதணும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தவறிப்போன பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறவர் போலத்தான் சொன்னார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் ஏ.இ.யைத் தேடிப் போனேன். அறையில் தனியாக இருந்தார். “சார், பொங்கல் புரோகிராம்ல நான் பண்ணினது...” என்று ஆரம்பித்தேன்.

“நல்லா இருந்துச்சே” என்றார்.

“இல்ல சார், மன்னிச்சிடுங்க.”

பேனாவை மூடி வைத்தார். “எதுக்கு மன்னிப்பு? நீங்க ஒரு கிளார்க்கைப் பத்திச் சொன்னீங்க. நான் கிளார்க் இல்லையே. நீங்க என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டா அப்ப நான் யாரு?”

வெளியே வந்துவிட்டேன். நானூறு பேர் முன்னால் செய்ததை நாலு சுவருக்குள் சரிசெய்ய முடியாது என்று அப்போதுதான் விளங்கியது. அதற்கடுத்த மூன்று மாதத்தில் ‘நீங்க போகலாம்’ என்பது டவுன்ஷிப்பில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அவர் ஸ்கூட்டர் குடியிருப்புப் பிளாக்குக்குள் நுழைந்தால் பையன்கள் மதிலுக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள். ஏழுமலையை அவர் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. கடிதமும் எழுதவில்லை.

சித்திரையில் மனமகிழ் மன்ற ஆண்டு விழா வந்தது. மறுபடி நான். போகும்போதே முடிவு செய்துகொண்டு போனேன்: இன்டர்வியூ ஐட்டம் கிடையாது. வேறு அரை மணி நேரம் தயார் செய்திருந்தேன். எங்கள் ஊரில் சிரிப்பு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அதிகாரி மேடையேறிக் கலைஞருக்குச் சால்வை போடுவார். அன்று சால்வை போட ஏ.இ.யை நியமித்திருந்தார்கள். யார் யோசனை என்று தெரியவில்லை. முதல் வரிசையில் மடியில் சால்வையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிஷம் நன்றாகப் போனது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், “இன்டர்வியூ போடுப்பா!” உடனே பத்துக் குரல், ஐம்பது குரல். “இன்டர்வியூ! இன்டர்வியூ!”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மைக் முன்னால் மூன்று விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். நான் மறுத்தால், ஏன் மறுக்கிறான் என்று எல்லாத் தலையும் முதல் வரிசைக்குத் திரும்பும். மறுப்பதே அவரைக் காட்டிக் கொடுப்பதுதான். பழையபடி செய்தாலோ, அவர் முகத்துக்கு நேராகவே செய்ய வேண்டும். ரெண்டு பக்கமும் அடைத்துவிட்டது. ஏ.இ. என்னைப் பார்க்கவில்லை. சால்வை ஓரத்து ஜரிகையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பின்னால், கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஏழுமலை நின்றார். அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட்.

“சரி, போடறேன்” என்றேன். “ஆனா பொங்கலுக்கு உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அதை முதல்ல திருத்திடறேன். அந்த ஆளு கிளார்க்கும் இல்ல, நீங்க நினைக்கிற ஆளும் இல்ல. அது நான்தாங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷிப்ட் சொன்னேன்.

“தீபாவளிக்கு முந்தின நாள் நான் முதல் ஷிப்ட். வேணும்னா கணக்குப் போட்டுப் பாருங்க.” போட்டார்கள், முகத்தில் தெரிந்தது. “ரெண்டு மணிக்கு என்னை ரிலீவ் பண்ண வேண்டியவர் வெடி வாங்கப் பண்ருட்டி போயிட்டாரு. மூணரை வரைக்கும் நான் தனியா உக்காந்திருக்கேன். மழை. என் பொண்டாட்டி, ‘எப்பத்தாங்க உங்களுக்குப் பிரமோஷன்?’னு கேட்டு அன்னியோட பத்து நாள். என்ன பண்றது? ரெண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்...”

பொங்கலுக்குச் செய்ததையே செய்தேன். ஆனால் அன்று அவரைச் செய்தேன், இன்று என்னைச் செய்தேன். ஓடி ஓடி உட்கார்ந்தேன், எனக்கே பதில் தெரியாமல் விழித்தேன், என்னை நானே வெளியே அனுப்பிக்கொண்டேன். என் மனைவி மகளிர் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொங்கலுக்கு வந்த சிரிப்பில் பாதிதான் வந்தது. பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், நம்பினால் நன்றாயிருக்கும் என்று நம்பினார்கள். எனக்கு அது போதும்.

ஏ.இ. மேடையேறிச் சால்வை போட்டார். போட்டோ எடுப்பவருக்காக என் தோளைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “ரிலீவர் ஒன்றரை மணி நேரம் லேட்டுன்னா லாக் புக்ல எழுதியிருக்கணுமே.”

“எழுத மறந்துட்டேன் சார்.”

“இனிமே மறக்காதீங்க” என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மேடையில் சொல்வதாக இருந்தால் இங்கேதான் முடிப்பேன். ஆனால் பட்டியல் பங்குனியிலேயே போய்விட்டது. ஏழுமலை பெயர் அதில் இல்லை. ஆண்டு விழாவுக்கு மறுவாரமே ஏ.இ. கடிதம் எழுதிக் கொடுத்தார், நல்ல கடிதம்தான். அது அடுத்த பட்டியலுக்குத்தான் பயன்பட்டது. அடுத்த பட்டியல் வர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் ஏழுமலை கூலியாகவே சேற்றில் நின்றார். அதற்கு நான்தான் காரணம். வேறு யார் மேலும் போடமாட்டேன்.

அதற்காக அவர் என்னிடம் முகம் கொடுக்காமல் இருக்கவில்லை. டீ வாங்கித் தந்தால் குடிப்பார். நிகழ்ச்சிக்கு வந்து முன்னால் உட்கார்ந்து சிரிப்பார். கதை மட்டும் சொல்லமாட்டார். “என்ன விசேஷம் ஏழுமலை?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லீங்க சார்” என்பார். நாங்கள் தனியாக இருக்கும்போதும் ‘சார்’தான். அந்தச் ‘சாரை’ நான் பல வருஷம் சுமந்தேன். ஊரே எனக்கு ‘நீங்க போகலாம்’ என்று பட்டப்பெயர் வைத்தது. என் சொந்த பிரமோஷன் இன்டர்வியூவிலேயே ஒரு அதிகாரி அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கினார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மேடைக்கு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் ஏழுமலை வீடு கட்டிக் குடிபோகிறார். கடலூரில் ஒரு நிகழ்ச்சி இருந்தது, அதைச் சாக்காக வைத்துப் போனேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. பின்பக்கம் முந்திரி மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். பலாச்சுளையைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“இன்னாப்பா, கேசட்டெல்லாம் கேக்கறன். எல்லாம் நீயே மண்டைய ஒடச்சி எழுதறதா?”

“ஆமா. கொடுக்க ஆள் இல்லையே.”

ஒரு சுளையைப் பிய்த்துக் கொட்டையை எடுத்துவிட்டு நீட்டினார். “ஒண்ணு சொல்றன். எந்த ஷிப்டுன்னு மட்டும் கேக்காத.”

சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினைந்து நிமிஷ ஐட்டம், கொஞ்சம் மெருகேற்றினால் போதும். எந்த ஊர் மேடையிலும் கூரை பறக்கும். எந்த வருஷம், எந்த செக்‌ஷன், யார் அந்த ஆள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்தக் கதையை இன்றுவரை எங்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

நான் எதுவும் கேட்காமல் சுளையைத் தின்றுகொண்டிருந்தேன். ஏழுமலை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“இன்னொண்ணு சொல்லட்டாப்பா?” என்றார்.